உலகக் காற்றுக்கு விதி சொன்ன உழவர் மகன்

பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்த எவரும் ஒரு வாக்கியத்தை நெட்டுருப் போட்டிருப்பார்கள். வட கோளத்தில் வீசும் காற்று தன் வழியிலிருந்து வலப்பக்கமாக விலகும். தென் கோளத்தில் வீசும் காற்று இடப்பக்கமாக விலகும். இதற்குப் பெரல் விதி என்று பெயர். பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியதோடு நம்மில் பெரும்பாலோர் அதை மறந்துவிட்டோம். ஆனால் அந்த விதி நம்மை மறக்கவில்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே தென்கிழக்கிலிருந்து புறப்படும் காற்று, ரேகையைத் தாண்டியதும் வலப்புறம் வளைந்து, தென்மேற்குப் பருவக்காற்றாக நமது நாட்டுக்கு மழை கொண்டு வருகிறதே, அது இந்த விதிப்படிதான்.

விதியின் பெயர் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் யார்? அவர் பெரிய சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்லர்; பிரபுக்கள் வீட்டுப் பிள்ளையும் அல்லர். வயலில் கதிரடித்து வளர்ந்த ஓர் அமெரிக்கக் குடியானவரின் மகன். வில்லியம் பெரல் என்பது முழுப் பெயர். நாலு பேர் நடுவே எழுந்து பேசவும் கூச்சப்படும் சுபாவம் அவருக்கு. அப்படிப்பட்டவர் உலகத்துக் காற்றையும் கடலையும் கணிதத்தில் கட்டிப் பிடித்த வரலாறு நாம் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டியது.

ஐம்பது காசுப் புத்தகம்

1817ம் வருஷம் ஜனவரி மாதம் 29ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் பெரல் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவரே மூத்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் விர்ஜினியா மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பண்ணை வேலைதான் வாழ்க்கை. குளிர்காலத்தில் வேலை ஓய்ந்த நாட்களில் மட்டும் பள்ளிக்கூடம் உண்டு. அதுவும் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசை. சுவரில் ஒரு கட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடிக்குப் பதிலாக எண்ணெய்ப் பசை தடவிய காகிதத்தை ஒட்டியிருப்பார்கள். அதுதான் ஜன்னல். இரண்டு குளிர்காலம் அங்கே படித்தார்.

அதன் பிறகு படிப்பதற்குப் புத்தகம் இல்லை. ஒரு கணக்குப் புத்தகத்தின் மேல் சிறுவனுக்கு ஆசை விழுந்தது. அண்டை வீட்டார் வயலில் அறுவடை வேலை செய்து ஐம்பது காசு சேர்த்தான். ஊருக்குப் போய் கடையில் கேட்டால் விலை அறுபத்திரண்டு காசு. பையனின் முகத்தைப் பார்த்த கடைக்காரர் ஐம்பது காசுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பன்னிரண்டு காசுத் தள்ளுபடியால் உலகத்துக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல.

கொட்டகைக் கதவில் கிரகணம்

1832ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு நாள் காலை வயலுக்குப் போகும் வழியில் சூரியனில் ஒரு பகுதி மறைந்திருப்பதைக் கண்டார். பாதிக் கிரகணம். மற்றவர்கள் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பதினைந்து வயதுப் பெரலுக்கோ மனம் அதிலேயே நின்றது. கிரகணம் ஏன் உண்டாகிறது? இத்தனை மணிக்கு வரும் என்று பஞ்சாங்கக்காரர் எப்படிச் சொல்லுகிறார்?

அவரிடம் இருந்தவை இரண்டே புத்தகங்கள். ஒன்று, குடியானவர்கள் வைத்திருக்கும் சாதாரணப் பஞ்சாங்கம். மற்றொன்று பூகோளப் பாடப் புத்தகம். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. பஞ்சாங்கத்தில் சூரிய சந்திரர்களின் இருப்பிடத்தை நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்த்து, எந்தக் காலக்கணக்கில் அவை திரும்பி வருகின்றன என்று தாமே கண்டுபிடித்தார். இப்படி இரண்டு வருஷம் உழைத்து, அடுத்து வரவிருந்த 1835ம் வருஷத்துக் கிரகணங்களை முன்கூட்டியே கணித்தார். அவ்வருஷத்துப் பஞ்சாங்கம் வெளிவந்ததும் ஒப்பிட்டார். தம் கணக்குக்கும் அச்சான கணக்குக்கும் அதிகமாகப் போனால் 9 நிமிஷமே வித்தியாசம்!

தானியக் கொட்டகையில் நாள் முழுவதும் கதிரடிக்கும் வேலை. அந்தக் கொட்டகையின் கதவுகள் மெதுவான மரத்தில் செய்த அகலமான பலகைகள். வைக்கோலைக் குத்தித் தூக்கும் இரும்புக் கவையின் முனையால் அந்தக் கதவுகளிலேயே வட்டங்களும் கோடுகளும் கீறிக் கணிதப் படம் போடுவார். அதுதான் அவருடைய கரும்பலகை. பின்னாளில் புகழ் பெற்ற பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கதவில் தாம் கீறிய படங்களைப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஜியோமிதிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, பக்கத்து மாகாணத்து ஊருக்குக் குதிரையேறிப் போக வர இரண்டு நாள் பிரயாணம் செய்து வாங்கி வந்தார். கலாசாலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. நடுவில் கையிலிருந்த பணம் தீர்ந்தது. உபாத்தியாயர் வேலை பார்த்துச் சம்பாதித்துவிட்டு மறுபடி போய்ப் படித்தார். 1844ல் பட்டம் பெற்றபோது வயது இருபத்தேழு.

பெரிய புத்தகங்கள், சிறிய ஊர்கள்

பட்டம் பெற்ற பெரல் மிஸௌரி மாகாணத்தில் லிபர்ட்டி என்ற சிற்றூரில் உபாத்தியாயரானார். அங்கேதான் நியூட்டனின் பிரின்ஸிபியா என்ற மகா கிரந்தம் அவர் கைக்கு வந்தது. பிறகு பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை லாப்லாஸ் எழுதிய வான இயக்க நூலையும் வரவழைத்துப் படித்தார். கலந்து பேச ஓர் அறிஞர் கூட இல்லாத சிற்றூர்களில், பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் தமக்குப் பாடம் என்று காலம் போயிற்று.

பெரிய புத்தகத்தைப் படித்துத் தலை வணங்கிவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். பெரலும் தலை வணங்கினார்; ஆனால் கணக்கைச் சரிபார்க்காமல் வணங்கவில்லை. சந்திரனும் சூரியனும் கடல் நீரை இழுப்பதால் பூமியின் சுழற்சி வேகம் மாறாது என்பது லாப்லாஸ் கண்ட முடிவு. ஏற்றவற்றத்தால் நீர் தரையோடு உராயும்போது அந்த உராய்வு சுழற்சிக்கு ஒரு தடையாகத்தானே இருக்க வேண்டும் என்று பெரல் கேட்டார். பூமியின் வேகம் சிறுகச் சிறுகக் குறைய வேண்டும் என்று கணக்கிட்டு 1853ல் ஒரு வானசாஸ்திர சஞ்சிகைக்கு எழுதினார். இன்று இது ஐயமற்ற உண்மை. நமது ஒரு நாளின் நீளம் நூறு வருஷத்துக்கு 2 மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவாக நீண்டுகொண்டே போகிறது.

வைத்தியர் பத்திரிகையில் காற்று

1854ல் பெரல் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் பள்ளிக்கூடம் நடத்த வந்தார். அடுத்த வருஷம் மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி கடலின் பூகோளத்தைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்து எங்கும் பிரசித்தியடைந்தது. மாலுமிகள் குறித்து வைத்த ஏராளமான விவரங்கள் அதில் இருந்தன. ஆனால் காற்று ஏன் அப்படி வீசுகிறது என்பதற்கு மோரி சொன்ன காரணங்கள் பெரலுக்குத் திருப்தியளிக்கவில்லை. காந்த சக்தியைக் கூட மோரி துணைக்கு அழைத்திருந்தார்.

நாஷ்விலில் பௌலிங் என்ற வைத்தியர் பெரலுக்கு நண்பர். அவர் ஒரு வைத்திய சஞ்சிகையின் ஆசிரியர். மோரியின் புத்தகத்தை விமரிசித்து எழுதும்படி நண்பரைத் தூண்டினார். ஊர் அறிந்த ஒருவரைத் தாக்கி எழுதப் பெரலுக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் அதே விஷயத்தைப் பற்றித் தம் கருத்தைத் தனியாக எழுதித் தருவதாகச் சொன்னார். அப்படி எழுதிய கட்டுரை 1856ல் வெளிவந்தது. உலகக் காற்றோட்டத்தைப் பற்றிய முதல் தரமான கட்டுரை, காய்ச்சலையும் ரணசிகிச்சையையும் பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே அச்சாயிற்று! ஐரோப்பிய விஞ்ஞானிகள் யார் அந்தப் பத்திரிகையைப் புரட்டப் போகிறார்கள்? அந்தக் கட்டுரை அங்கேயே புதைந்து போயிருக்கலாம்.

ஹாட்லி விட்டதும் பெரல் பிடித்ததும்

அந்தக் கட்டுரையில் என்ன புதுமை என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் நிற்கும் ஒருவர் தம்மை அறியாமலே மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறார். வடக்கே போகப் போக வட்டம் சிறுக்கிறது, வேகமும் குறைகிறது. 30 பாகையில் மணிக்குச் சுமார் 1,450 கிலோமீட்டர், 60 பாகையில் 840 கூட இல்லை, துருவத்தில் ஒன்றுமில்லை.

1735ல் இங்கிலாந்து தேசத்து ஹாட்லி என்பவர் இதை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். வேகம் குறைந்த இடத்திலிருந்து பூமத்திய ரேகையை நோக்கி வரும் காற்று, அங்குள்ள தரையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. அதனால்தான் அது கிழக்கிலிருந்து வீசுவதாக நமக்குத் தோன்றுகிறது. வியாபாரக் காற்றுக்கு இது நல்ல விளக்கம். ஆனால் பாதி விளக்கம்.

வட்டத்தில் சுற்றும் பொருள் மையத்தை நோக்கி நெருங்கினால் அதன் வேகம் அப்படியே இராது, கூடும். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது கயிற்றைச் சுருக்கினால் கல் விர்ரென்று சுற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். பூமத்திய ரேகையிலிருந்து 30 பாகைக்குப் போகும் காற்றை எடுத்துக்கொள்வோம். உராய்வு இல்லையென்றால், ஹாட்லியின் கணக்குப்படி அது தரையை விட மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் முந்தும். கயிற்றுக் கல்லின் கணக்குப்படி பார்த்தால் சுமார் 480 கிலோமீட்டர் முந்தும். இரண்டு மடங்குக்கும் மேலே!

இன்னொன்று. ஹாட்லி வடக்கு தெற்காகப் போகும் காற்றை மட்டுமே எண்ணினார். நேர் கிழக்காகவோ மேற்காகவோ போகும் காற்று வளையுமா? வளையும் என்றார் பெரல். கிழக்கே ஓடும் காற்று பூமியை விட வேகமாகச் சுற்றுகிறது. ஆகவே வெளிப்புறமாக, அதாவது பூமத்திய ரேகைப் பக்கமாகத் தள்ளப்படுகிறது. மேற்கே ஓடும் காற்று அதற்கு எதிராகத் துருவப் பக்கம் சாய்கிறது. எந்தத் திசையில் போனாலும் சரி, வட கோளத்தில் வலப்பக்கமே விலக்கம். அதன் அளவு துருவத்தில் மிக அதிகம். பூமத்திய ரேகையில் பூஜ்யம். 1858 முதல் 1860 வரை ஒரு கணித மாத சஞ்சிகையில் இதை முழுச் சமன்பாடுகளுடன் எழுதினார். சுழலும் பூமியில் காற்றும் நீரும் எப்படி ஓடும் என்பதற்கு இயந்திரவியல் முறையில் அஸ்திவாரம் அன்று போடப்பட்டது.

நீதியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த விலக்கும் சக்திக்கு இன்று விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் கோரியோலிஸ் விசை. கோரியோலிஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியல் நிபுணர் சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்து 1835லேயே இதைக் கணித்திருந்தார். ஆனால் அவர் காற்றைப் பற்றிச் சிந்திக்கவில்லை. லாப்லாஸின் கடல் ஏற்றவற்றச் சமன்பாடுகளிலும் இந்த விசை ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்து வானத்தில் வீசும் காற்றுக்குப் பொருத்தியதே பெரலின் சாதனை.

புயல் ஏன் சுற்றுகிறது?

இந்த ஒரு சாவியால் அவர் பல பூட்டுகளைத் திறந்தார். இரு கோளங்களிலும் 30 பாகையையொட்டிக் காற்றின் அழுத்தம் அதிகம் என்றும், பூமத்திய ரேகையிலும் துருவப் பக்கத்திலும் குறைவு என்றும் மாலுமிகளின் பாரமானிகள் காட்டின. காரணம் என்ன? 30 பாகைக்கு வடக்கே மேல்காற்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. வலப்பக்கம் என்பது அதற்குத் தெற்கு. 30 பாகைக்குத் தெற்கே வியாபாரக் காற்று மேற்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு வலப்பக்கம் வடக்கு. இரு புறமும் தள்ளினால் நடுவில் குவியத்தானே வேண்டும்? ஸஹாரா போன்ற பெரும் பாலைவனங்கள் இந்த அழுத்த மண்டலத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

புயலின் ரகசியமும் இதுவே. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாலா புறமிருந்தும் காற்று விரைகிறது. நேராகப் போய்ச் சேர்ந்தால் பள்ளம் நிரம்பிவிடும், புயல் இராது. ஆனால் ஒவ்வொரு காற்றும் தன் வலப்பக்கம் விலகுவதால், மையத்தை இடப்பக்கம் வைத்துச் சுற்ற ஆரம்பிக்கிறது. கோயிலில் நாம் சுவாமியை வலப்பக்கம் வைத்துப் பிரதட்சிணம் செய்கிறோம். வட கோளத்துப் புயல் சுற்றுவது அப்பிரதட்சிணம். தென் கோளத்துப் புயல்தான் பிரதட்சிணமாகச் சுற்றுகிறது.

வங்கக் கடல் புயல் சென்னைக் கரையை நேராகத் தாக்கும்போது முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். நடுவே சற்று ஓய்ந்து, மையம் தாண்டியதும் தெற்கிலிருந்து மறுபடி மூர்க்கமாக அடிக்கும். அந்த ஓய்வை நம்பி வெளியே வந்து ஆபத்தில் சிக்கியவர்கள் எத்தனையோ பேர். காற்று திரும்பத்தான் போகிறது என்பதைப் பெரலின் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம் என்பதற்கும் காரணம் இதுதான். அங்கே சுழற்றிவிடும் சக்தி போதவில்லை. குளியல் தொட்டியில் வடியும் நீர் இந்த விதிப்படி சுற்றுகிறது என்று சிலர் சொல்வது மட்டும் சரியன்று. அவ்வளவு சிறிய பாத்திரத்தில் இந்தச் சக்தி தலைகாட்டாது.

சட்டைப் பையில் கிடந்த கட்டுரை

வைத்தியப் பத்திரிகையில் அச்சான கட்டுரை வீண்போகவில்லை. பெரலின் திறமையை அறிந்த வானசாஸ்திரிகள் 1858ல் அவரை மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகருக்கு அழைத்துக்கொண்டார்கள். வேலை என்ன தெரியுமா? கப்பல்களுக்கான சர்க்கார் பஞ்சாங்கத்தைக் கணிப்பது! குடியானவர் பஞ்சாங்கத்தோடு போராடிய பையனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

அறிஞர்கள் நடுவே வந்தும் அவருடைய கூச்சம் விடவில்லை. பூமியின் சுழற்சியை ஏற்றவற்றம் குறைக்கிறது என்ற பழைய கருத்தைத் திருத்தி எழுதி, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் கூட்டத்துக்குப் போவார். எழுந்து படிக்கத் தைரியம் வராது. அப்படியே திரும்பிவிடுவார். சில கூட்டங்கள் இப்படியே கழிந்தன என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவழியாக 1864 டிசம்பரில் படித்தார். 1865ல் பிரான்ஸில் டெலோனே என்ற பெயர் பெற்ற வானசாஸ்திரி அதே கருத்தை வெளியிட்டார். பெரல் இன்னும் ஒரு வருஷம் கூச்சப்பட்டிருந்தால் முந்திக்கொண்ட பெருமை அவருக்கு இல்லாமலே போயிருக்கும்.

1867ல் அமெரிக்கக் கடற்கரை அளவை இலாகாவில் சேர்ந்தார். மறு வருஷம் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தினரானார். துறைமுகங்களில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கணிக்க ஓர் இயந்திரத்தை வகுத்தார். சந்திர சூரியர்களால் வரும் 19 வகை அலைகளைச் சக்கரங்களால் கூட்டிச் சொல்லும் இயந்திரம் அது. 1880களில் வேலைக்கு வந்து, அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் சுமார் கால் நூற்றாண்டு காலம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. 1882 முதல் 1886 வரை சர்க்கார் வானிலை இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்றார். எல்லோரும் படிக்கும்படி காற்றுகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1889ல் வெளிவந்தது. 1891ம் வருஷம் செப்டம்பர் 18ந் தேதி கான்ஸஸ் மாகாணத்தில் தமது எழுபத்து நாலாவது வயதில் காலமானார்.

நிலைத்த பெயர்

பெரல் சொன்னவை எல்லாம் அப்படியே நிலைத்துவிட்டன என்று எண்ணக்கூடாது. 30 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவே அவர் கண்ட காற்றுச் சுற்றுக்கு இன்றும் பெரல் சுற்று என்றே பெயர். ஆனால் அது அவர் நினைத்தபடி நிலையாகச் சுற்றும் சக்கரமன்று. அலைந்து திரியும் புயல்களும் சுழல்களும் சேர்ந்து தரும் சராசரி என்று இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சி காட்டியது. உராய்வைப் பற்றிய அவர் கணக்கிலும் திருத்தம் வந்தது. லாப்லாஸைத் திருத்திய பெரலைப் பின்வந்தோர் திருத்தினார்கள். விஞ்ஞானத்தில் இது அவமரியாதையன்று, அதுவே வளர்ச்சி.

திருத்தம் எத்தனை வந்தாலும் அவர் எழுதிய அடிப்படை அசையவில்லை. இன்று வானிலை நிலையங்களில் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர்கள் நாளைய மழையையும் அடுத்த வாரப் புயலையும் கணிக்கின்றன. அவை தீர்க்கும் சமன்பாடுகளில், எந்தத் திசையில் போனாலும் காற்று விலகும் என்ற அந்த வரி தவறாமல் இடம் பெற்றிருக்கிறது. புயல் வருமுன் மீனவர்களைக் கரைக்கு அழைக்க முடிகிறதென்றால் அதில் இந்த வரிக்கும் ஒரு பங்கு உண்டு.

புத்தகமில்லை, வசதியில்லை, வழிகாட்ட ஆளில்லை என்று ஏங்கும் மாணவர்கள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். பெரல் விதியைப் படிக்கும்போது, கொட்டகைக் கதவில் வட்டம் கீறிய அந்தப் பையனையும் உபாத்தியாயர்கள் அவர்களுக்கு நினைவூட்டலாம்.